கறையான் பூசிய பெண்

நான் செய்த சிலைகளிலேயே அதிகம் பேர் பார்த்தது குடவாசல் பக்கத்தில், எங்கள் ஊருக்குள் திரும்புகிற வளைவில் இருக்கிறது. டவுன் பஸ் அந்த இடத்துக்கு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் பாதிப் பேர் தலை குனிவார்கள். நானும் குனிவேன். பக்தியில் இல்லை. "இவருதாங்க அது, அம்மன் இவரு கையாலதான் வந்துச்சு" என்று யாராவது பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைக் காட்டிவிடுவார்களே என்று, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

இது நான் பூட்டி வைத்திருந்து இப்போது போட்டு உடைக்கிற ரகசியம் இல்லை. அதைச் செய்தது நான்தான் என்பது ஊருக்கே தெரியும். திடலின் நடுவில் நின்று எல்லோர் முன்னாலும் நானே சொல்லியிருக்கிறேன். வெளியே சொல்லிவிட்டால் வெட்கம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் குறையவில்லை.

நான் கும்பகோணத்தில் சிற்பம் படித்தவன். படிப்பு முடிந்ததும் சுவாமிமலைப் பக்கம் ஒரு பட்டறையில் சில வருஷம் இருந்தேன். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அம்மன், நடராஜர் என்று அளவு பிசகாமல் மெழுகு பிடித்துப் பழகிய கை இது. பிறகு பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் டிராயிங் வாத்தியார் வேலை கிடைத்து ஊரோடு வந்துவிட்டேன். வெண்கலமும் கருங்கல்லும் வாத்தியார் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

அப்படித்தான் பூச்சிகளிடம் போய்ச் சேர்ந்தேன். வகுப்பறை ஜன்னல் மூலையில் குளவி ஒன்று மண் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதன் வழவழப்பைப் பார்த்தால் என் மாணவர்களை விடுங்கள், எனக்கே பொறாமையாக இருந்தது. களிமண்ணில் ஒரு கை செய்து, விரல் நுனிகளில் துளை விட்டு, மாட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டேன். குளவிகள் வந்து விரல்களை அடைத்து, மூட்டு மூட்டாகக் கூடு வைத்தன. அடுத்து முசுறு எறும்புகளை நம்பி ஒரு வேலை தொடங்கினேன். மாங்கிளையை முகம்போல வளைத்துக் கட்டி, அவை இலைகளைத் தைத்து மூடும் என்று காத்திருந்தேன். அவை என்னைக் கடித்துவிட்டுப் பக்கத்து மரத்துக்குக் குடிபோய்விட்டன.

சொந்தக்காரர்களுக்கு நான் ஒரு நல்ல பொழுதுபோக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில், "இன்னும் குளவிக்கூடு பொறுக்கிக்கிட்டுத்தான் இருக்கியாப்பா?" என்று இலைக்கு மேலாக விசாரிப்பார்கள். அப்பாவின் முகம் சுருங்கும். அந்தக் காலத்தில் அதுதான் பெரிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அது எவ்வளவு சுகமான வெட்கம்.

ஒரு மழைக்குப் பிறகு கொல்லையில் அடுக்கி வைத்திருந்த தென்னை மட்டைகளைப் புரட்டினேன். ஒரு மட்டை முழுக்கக் கறையான் மண் பூசியிருந்தது. தூக்கினால் கனமே இல்லை. உள்ளே மட்டை இல்லை. தின்று தீர்த்துவிட்டு, மட்டையின் உருவத்தில் மண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது. பட்டறையில் மெழுகு உருகிப் போய் உலோகம் மிஞ்சும். இங்கே மட்டை கறையானின் வயிற்றுக்குள் போய் மண் மிஞ்சியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வைக்கோலிலும் மூங்கில் பிளாச்சிலும் ஒரு ஆளுயர உருவம் செய்து உயிருள்ள புற்றின் மேல் வைத்தால், கறையானே அதை மண்ணால் மூடி முடித்துக் கொடுக்கும். யோசனை சரிதான். ஆனால் எங்கள் ஊரில் புற்றுக்கு எங்கே போவது? வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிற நஞ்சை பூமி. கறையான் புற்று கட்டி நிலைக்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. அது திடல். வயல்களுக்கு நடுவே ஆள் இடுப்பளவு உயர்ந்து, எவ்வளவு மழை பெய்தாலும் முழுகாத மேட்டு நிலம்.

அந்தத் திடலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது என் தாத்தாவின் நிலம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவர் அதை வண்டிக்காரர் பேரிலும், மாடு மேய்த்தவர் பேரிலும், செத்துப்போன அத்தை பேரிலும் பிரித்து எழுதி வைத்துக் காப்பாற்றப் பார்த்தார். அப்பா கருப்புச் சட்டைக்காரர். கோயில் வாசலை மிதிக்காதவர். அவர் தாலுகா ஆபீசுக்குப் போய், இதெல்லாம் பினாமி, உண்மையான சொந்தக்காரர் தன் அப்பாதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இவன் எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது என்றார் தாத்தா. வைக்கிறதாக இல்லை என்று அப்பா பதில் சொல்லி அனுப்பினார். பெரியப்பா குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. அப்பாவின் தலை முழுக்க நரைத்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. திடல் உபரி நிலமாகி அரசாங்கத்திடம் போனது. அன்று அப்பா டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மனைப்பட்டாவும் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. திடலைக் காலனிக்காரர்களுக்கு மனையாகப் பிரித்துத் தருவதாக இருந்தது. காலனி என்றால் வாய்க்கால் கரையில் வரிசையாகக் குடிசைகள். நடவும் அறுப்பும் அவர்கள் கையில். ஐப்பசி மழை பிடித்தால் அடுப்புக்குள் தண்ணீர். அங்கே சங்கத்துக் கொடி பிடிக்கிற அக்கா ஒருவர் இருந்தார். தாலுகா ஆபீசுக்குள் அவர் பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்கும். மனைக்காக மனு கொடுத்துக் கொடுத்து, அங்கே இருக்கிற பியூனுக்கெல்லாம் அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகியிருந்தார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ராத்திரி படுத்தால் முதுகு நனையாத ஒரு தரை.

நான் அந்த அக்காவிடம்தான் கேட்டேன். திடலில் இருக்கிற புற்றின் மேல் ஒரு பொம்மை செய்யப்போகிறேன், நடவு முடிந்து கரையேறி உட்காரும் ஒரு பெண், உங்களைப் பார்த்துத்தான் செய்யப்போகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்கை மட்டும் ஒழுங்காக வைக்கச் சொன்னார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"பட்டா வர்ற வரைக்கும் வச்சுக்குங்க தம்பி. அளக்க வர்றப்போ எடுத்துடணும்."

"எடுத்துடுறேன்க்கா" என்றேன்.

சித்திரை வெயிலில் தொடங்கினேன். மூங்கில் பிளாச்சில் எலும்பு, வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி உடம்பு, மேலே சாணம் கலந்த தண்ணீர் தெளிப்பு. புற்றின் விளிம்பில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு, வலது கையில் ஒரு நாற்று முடிச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் விடுவேன். வெயில் படாமல் தென்னங்கீற்றால் மறைப்பு வைத்தேன். முதலில் பாதத்தில் ஈர மண் ஏறியது. பிறகு முழங்கால். கறையான் முட்டாள் வேலைக்காரன் இல்லை. நான் வைக்கோலைத் தளர்வாகச் சுற்றிய இடத்தில் அது இன்னும் கொஞ்சம் மண் போட்டது. நான் ஆசையாகச் செய்த கண்களை ஒரே வாரத்தில் பூசி மூடிவிட்டது. கோபம் வந்தது. மறுநாள் பார்த்தால் கண் இல்லாத முகம்தான் உயிரோடு இருந்தது. களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஒருத்தி. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று செய்ததில்லை.

அக்கா ஒரு நாள் தலையில் புல்லுக்கட்டோடு வந்து பார்த்தார். தலைச்சுமையை இறக்காமலே சுற்றி வந்தார். "எங்க அம்மா மாதிரி இருக்கு" என்றார். பிறகு, மூக்கைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருக்க வேண்டும், அதைத்தானே படித்தேன். ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு வலது கையில் எதையோ ஏந்தி உட்காரும் பெண்ணைப் பட்டறையில் நான் எத்தனையோ முறை மெழுகில் பிடித்திருக்கிறேன். உழைக்கிற பெண்ணைச் செய்கிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கை தனக்குத் தெரிந்த அளவில் அம்மனைச் செய்துவிட்டுப் போயிருந்தது. கண்ணை மண் மூடி, நாற்று முடிச்சும் மண் மூடி உருண்ட பிறகு அது வேப்பிலைக் கொத்தா, சூலமா என்று பார்க்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அடியிலோ நிஜப் புற்று.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றப் போன எங்கள் மேலத்தெருப் பெண் ஒருத்தி அதன் மடியில் பாம்புச் சட்டையைப் பார்த்தாள். சாயங்காலம் நான் போனபோது நெற்றியில் குங்குமம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், ஒரு முட்டை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கருப்புச் சட்டைக்காரர் பிள்ளை, கீற்று மறைப்புக்குப் பின்னால் நின்று, கும்பிடுகிறவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பூச்சி ஆரம்பித்ததை மனிதர்கள் முடித்து வைக்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். சென்னையில் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு அதை எழுதியும் போட்டேன். என் வேலையின் முன்னால் அதுவரை யாரும் நின்றதில்லை. இவர்கள் விழுந்து கும்பிட்டார்கள்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் அவர் உள்ளே வந்து நாற்காலியில்தான் உட்காருவார். அப்பாவின் ஏற்பாடு அது. அன்று உட்காரவில்லை. மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள், இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரே விளக்கு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அடித்துத் துரத்தினேன் என்றார். நான் சென்னையிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும், உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வந்த வழியே திரும்பிப் போனார்.

சென்னைக்காரர்கள் வந்தார்கள். குங்குமத்தோடு பார்க்க இன்னும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் வந்து போவதற்குள் என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மேலே தகரக் கொட்டகை போட்டுவிட்டார். கோர்ட்டில் தோற்றவர் அவர்தான். பார்த்தால் கள்ளம் தெரியாது. கல்யாணம், காது குத்து எதுவென்றாலும் முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறுகிற மனிதர். கொட்டகைக்குக் குழாய் விளக்கு வந்தது. உண்டியல் வந்தது. காலையில் மைக் செட் பாட ஆரம்பித்தது. கொட்டகையைச் சுற்றி முள்வேலி வந்தது. காலனிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக ஒரு ஏற்பாடும் வந்தது.

டீக்கடையில் அப்பாவின் பழைய சிநேகிதர்கள், "என்னங்க, உங்க வீட்டுல அம்மன் அவதாரமாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே டீ போடச் சொல்லி, பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். அளக்க வருவதற்குள் எடுத்துவிடு.

நான் இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று இருந்தேன். சர்வேயர் முந்திக்கொண்டார்.

அன்று திடலில் ஊரே இருந்தது. ஒரு பக்கம் மேலத்தெரு, எதிர்ப்பக்கம் காலனி. நடுவில் அளவுச் சங்கிலியோடு சர்வேயர், குடை பிடித்துக்கொண்டு அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள். வழிபாட்டுத் தலம் இருக்கிற இடத்தில் எப்படி மனை பிரிப்பது என்று அண்ணன் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய்ச் சொன்னேன். இது கோயில் இல்லை. இதை நான் செய்தேன். மூங்கிலும் வைக்கோலும், மேலே பூசியது கறையான். கையோடு கொண்டுபோன போட்டோக்களை அதிகாரியிடம் நீட்டினேன். வெறும் வைக்கோல் உருவமாக இருந்தபோது எடுத்தது, பாதி மண் ஏறியபோது எடுத்தது, எல்லாம் இருந்தது.

அண்ணன் போட்டோக்களை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், நடிப்பு இல்லை.

"இவன் செய்யலேன்னு யாரு சொன்னா? சிற்பி செய்யாத சாமி எந்தக் கோயில்ல இருக்கு, நீங்களே சொல்லுங்க சார். சாமியே இல்லேன்னு சொன்ன வீட்டுப் பிள்ளை கையில வந்து உக்காந்திருக்கா."

மேலத்தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கிழவர் என் காலைத் தொட வந்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். திருவிழா நோட்டீசில் போட இந்தப் படங்களில் ஒன்று வேண்டும் என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

அப்போதுதான் அக்கா முன்னால் வந்தார். தாலுகா ஆபீசையே அதட்டுகிற குரல் அன்று தாழ்ந்து இருந்தது. எனக்கு மட்டும் சொல்வதுபோலத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க செஞ்சதுதானே தம்பி. நீங்களே தள்ளிவிட்டுடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நாங்க கை வச்சா எங்க கூரை மிஞ்சாது."

உண்மை. எங்கள் ஜில்லாவில் அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நான் என்ன செய்தாலும் திட்டுவார்கள், அதிகம் போனால் ஒரு அறை விழும். இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற பெயர் என்னைக் காப்பாற்றும். அந்தப் பெயரால் எனக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல உபயோகம் இருந்தது என்றால் அது அந்த ஒரு நிமிஷம்தான்.

கொட்டகைக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை. பூசை செய்யப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதன் தோளில் இரண்டு கையையும் வைத்தேன். உள்ளே வைக்கோல் எல்லாம் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். வெறும் கூடு. ஒரு தள்ளு தள்ளினால் இடுப்போடு சரிந்துவிடும். உள்ளங்கைக்கு அது இளஞ்சூடாக இருந்தது. காதை ஒட்டினால் உள்ளே சிப்பாய்க் கறையான்கள் தலையால் தட்டுகிற சத்தம், காய்ந்த இலை நொறுங்குவதுபோலக் கேட்கும். அந்தக் கண்ணில்லாத முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மஞ்சளையும் குங்குமத்தையும் தாண்டி, நான் பார்த்ததிலேயே நல்ல சிலை அது. நான் செய்தது. மேலத்தெருவுக்குப் பயந்து நின்றேன் என்றால் இன்று எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது. பயம் எல்லோருக்கும் வரும். எனக்கு அன்று பயம் போயிருந்தது. அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அதிகாரியிடம் சொன்னேன்.

"ஒரு வாரம் டைம் கொடுங்க சார். முழுசா பெயர்த்து வேற இடத்துக்குக் கொண்டுபோயிடலாம்."

புற்றைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், எதற்குப் பிரச்சினை என்று அதிகாரி அண்ணனிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தள்ளிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தக் கடப்பாரை அவரைவிடக் கனம். நான் பின்னால் ஓடினேன். பாதி வழியிலேயே அண்ணனின் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கடப்பாரையைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார். இன்னொருவர், "வாங்க ஐயா, வெயில்ல எதுக்கு" என்று டிவிஎஸ் 50-இல் உட்காரவைத்துக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார். யாரும் அவரைத் தொட்டுக்கூடத் தள்ளவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது அப்பாவின் வேட்டி அவிழ்ந்திருந்தது. பிடித்துக்கொள்ள நான் போனேன். என் கையை விலக்கிவிட்டு அவரே கட்டிக்கொண்டார்.

உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகு சொன்னார்.

"எங்கப்பா ஊரான் பேர்ல எல்லாம் எழுதி வச்சும் காப்பாத்த முடியாத திடலை, நீ ஒரு பொம்மையை வச்சுக் காப்பாத்திக் கொடுத்துட்ட."

நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

காலனிக்கு மனை கிடைத்தது. திடலில் இல்லை. தெற்கே வடிகாலை ஒட்டிய பள்ளத்தில். வரிசையாகத் தொகுப்பு வீடுகள், கான்கிரீட் கூரை, மேலிருந்து ஒழுகாது. தண்ணீர் கீழேயிருந்து வரும். அப்பா அந்த வீடுகள் கட்டி முடிவதற்குள் போய்விட்டார். அவர் சொன்னபடி கொள்ளியும் இல்லை, மந்திரமும் இல்லை. அக்கா சங்கத்துக் கொடியோடு வந்து, மாலை போட்டு, அப்பாவின் கால்மாட்டில் ரொம்ப நேரம் நின்றார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

ஐப்பசியில் அடை மழை பிடித்தால் அந்தப் பள்ளத்திலிருந்து எல்லோரையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைப்பார்கள். என் டிராயிங் வகுப்பில் பாயை விரித்துக் குழந்தைகளைப் படுக்கவைப்பார்கள். சாப்பாடு போடுகிற பொறுப்பு வாத்தியார்களுக்கு. நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் சாம்பார் ஊற்றுவேன். அக்காவின் தட்டு வரும்போது என் கை வேகமாக நகரும். ஒரு வருஷம் மழை கொஞ்சம் விட்டிருந்த மத்தியானம், அவர் என்னைக் கூப்பிட்டார். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், பரணில் டிவி இருக்கிறது, இறக்கிக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம். போனேன்.

தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் கணுக்கால் அளவு. கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றி, அதன்மேல் அரிசி மூட்டை, அதன்மேல் துணி மூட்டை. சுவரில் அப்பாவின் படம் ஒன்று, காலண்டருக்குப் பக்கத்தில். நான் பரணில் ஏறி டிவியை இறக்கினேன். அரசாங்கம் கொடுத்த டிவி, பின்பக்கம் பெரிதாக இருக்கும், நல்ல கனம். அதைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா உள்கதவின் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து, நிலையின் ஒரு பக்கம் முழுக்கக் கறையான் மண் ஏறியிருந்தது. புது மண், ஈரம் மின்னியது. தலைக்கு மேல் மரம் முடிகிற இடம் வரைக்கும் போய், அங்கிருந்து எங்கே போவது என்று தெரியாமல் சுவரில் விரல்போலக் கிளை விட்டிருந்தது.

"அதுங்களும் மேடு தேடுது" என்றார்.

பிறகு தண்ணீருக்குள் நின்றபடியே என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கேலி மாதிரியும் தெரியவில்லை.

"இதையாவது எடுத்துடுங்க தம்பி."

துடைப்பம் எட்டுகிற தூரத்தில் இல்லை. நான் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். உள்ளே மரம் எவ்வளவு போயிருந்ததோ தெரியவில்லை, மண் மொத்தமாகப் பெயர்ந்து காலடித் தண்ணீரில் விழுந்து கரைந்தது. பலமே தேவைப்படவில்லை. அன்றைக்கும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.